சாத்தூர் பிள்ளைகளுக்கு ஒரு கரிசல் பாதை!

மலைக்குப் போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இயற்கையை எங்கே பார்ப்பார்கள்? சென்னை, திருச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டும் வழி

ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாக இறங்கட்டும். சாத்தூரைச் சுற்றியுள்ள கரிசல் காட்டுக் கிணறு ஒன்றை எட்டிப் பாருங்கள். கிணற்றின் மேல் சாய்ந்து நிற்கும் உடைமரத்திலோ பனையிலோ தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருக்கும். உச்சந்தலையில் மஞ்சள் ஏறிய ஆண் குருவி, பனையோலை விளிம்பில் அலகால் ஒரு வெட்டு வெட்டும். வெட்டிய இடத்தைக் கவ்விக்கொண்டு பறக்கும்; ஓலை நாராகக் கிழிந்து கூடவே வரும். அந்த நாரைக் கிளையில் சுற்றி முடிச்சுப் போட்டு, நூற்றுக்கணக்கான தடவை போய் வந்து கூட்டைப் பின்னும். பாதி முடிந்ததும் பெண் குருவி வந்து உட்கார்ந்து பார்க்கும். பிடித்திருந்தால் தங்கும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். எந்தப் பெண்ணும் ஒப்பாத கூட்டை ஆண் குருவி அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துக் கிளையில் இன்னொன்றைத் தொடங்கும். கிணற்றுக்கு மேலே குல்லா மாதிரி தொங்குகிற அரைக்கூடுகளில் பல அப்படிக் கைவிடப்பட்டவை.

அந்தக் கிணற்று மேட்டு வழியாகத்தான் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறார்கள். தினமும் பார்க்கிற கூடுதான். ஆனால் பாதிக் கூடு ஏன் தொங்குகிறது, முழுக்கூட்டின் உள்சுவரில் ஏன் ஈரக் களிமண் அப்பியிருக்கிறது, ஏன் கிணற்றுக்கு மேலேயே தேடிப்பிடித்துக் கட்டுகிறது என்று அவர்களை நிறுத்திச் சொல்ல ஓர் ஆள் இல்லை. நின்று பார்க்க ஓர் இடம் இல்லை. பாடப்புத்தகத்தில் பறவைகள் பாடம் இருக்கிறது. பறவை வெளியே இருக்கிறது. இரண்டையும் சேர்க்கிற பாதைதான் இல்லை.

பள்ளி லீவு நெருங்கினால் விருதுநகர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி: "பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போறது?" கையில் காசு இருக்கிறவர்கள் கொடைக்கானல், சாரல் அடித்தால் குற்றாலம். இல்லாதவர்களுக்கு இருக்கன்குடி கோயில், மதுரையில் ஒரு நாள், சொந்தக்காரர் வீடு. சாத்தூர் காராச்சேவுக்குப் பேர் போனது, வெள்ளரிக்காய்க்குப் பேர் போனது; ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துப் பேனாக்களுக்கு நிப்பு செய்து கொடுத்த ஊர். 1957-லும் 1962-லும் காமராஜரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. அப்படிப்பட்ட ஊரில், ஒரு குழந்தை அரை நாள் நடந்து மரம், பூச்சி, பறவை, மண் எல்லாம் தெரிந்துகொண்டு திரும்பும்படியான சிறிய இயற்கைப் பூங்கா ஒன்று வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை. ஊஞ்சலும் சறுக்கு மரமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு நிறுத்திவிடக் கூடாது.

குப்பை மேட்டிலிருந்து எழுந்த பூங்கா

இது நடக்கிற காரியம்தானா என்று சந்தேகப்படுகிறவர்கள் சென்னை ராஜா அண்ணாமலைபுரம் போய்ப் பார்க்க வேண்டும். அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு உப்பங்கழி. பல ஆண்டுகள் கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டு, சாக்கடை தேங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிற இடமாகக் கிடந்தது. அங்கே கட்டடங்கள் எழும்பிவிடும் என்ற நிலை 1990-களில் வந்தபோது, கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் என்ற நுகர்வோர் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீண்ட இழுபறிக்குப் பிறகு எஞ்சிய கழியை மீட்டெடுப்பது என்று முடிவாகி, 2006-ல் அடையாறு பூங்கா அறக்கட்டளை உருவானது. இன்று அதன் பெயர் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை.

மீட்கும் பணியில் ஆரோவில்லின் பிச்சாண்டிகுளம் காட்டுக்காரர்கள் இறங்கினார்கள். அந்தக் குழுவின் தலைவர் ஜாஸ் புரூக்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1970-களில் ஆரோவில்லுக்கு வந்து, மொட்டை நிலத்தில் நம் கடற்கரையோர உலர் காட்டு மரங்களை நட்டு வளர்த்தவர். சென்னையில் அவர்கள் செய்தது முதலில் தோட்ட வேலை இல்லை, துப்புரவு வேலை. குப்பையையும் இடிபாட்டையும் அள்ளி, தண்ணீர் போகவும் வரவும் வழிவிட்ட பிறகுதான் கன்றுகளுக்கு வந்தார்கள். அலையாத்தி மரங்களையும், இந்தக் கடற்கரைக்கே உரிய உள்நாட்டு மரம், செடி, கொடிகளையும் நட்டார்கள். தண்ணீர் தெளிந்ததும் மீன் வந்தது. மீன் வந்ததும் கொக்கும் நீர்க்காகமும் வந்தன. 2011 ஜனவரியில் அப்போதைய முதல்வர் கருணாநிதி தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் அதைத் திறந்துவைத்தார்.

பூங்கா என்ற பெயரை நம்பிப் புல்தரையையும் நீரூற்றையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அங்கே முக்கியமான ஆள் சேறு. அலை இறங்கியிருக்கும் நேரம் சேற்று ஓரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஓட்டைகளிலிருந்து சின்னஞ்சிறு நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்திருக்கும். அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும்; எதிராளியை மிரட்டும். சிறிய கொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் போட்டு, அதிலுள்ள சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குட்டிக் குட்டி உருண்டையாக வெளியே வைக்கும். நிழல் அசைந்தால் போதும், அத்தனையும் ஒரே நொடியில் ஓட்டைக்குள். சத்தம் போடாதே என்று ஆசிரியர் கத்த வேண்டியதே இல்லை. நண்டே பிள்ளைகளை அமைதியாக்கிவிடுகிறது. அலையாத்தி மரத்தடியில் சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கிற குச்சிகள் மரத்தின் மூச்சுவேர்கள் என்று வழிகாட்டி சொல்லும்போது, புத்தகத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்த விஷயம் கண் முன்னே நிற்கும்.

பெட்டிச் செய்தி: தொல்காப்பியப் பூங்கா

இடம்: சென்னை ராஜா அண்ணாமலைபுரம், அடையாறு உப்பங்கழி.
பரப்பு: 58 ஏக்கர். கழியும் முகத்துவாரமும் சேர்ந்த மொத்தப் பரப்பு 358 ஏக்கர். முதல் கட்டமாக மீட்கப்பட்டது இந்த 58 ஏக்கர்.
பொறுப்பு: சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை.
உள்ளே: சுற்றுச்சூழல் கல்வி மையம், நடைபாதைகள், அலையாத்தி மரங்கள், பறவைகள் கூடும் நீர்ப்பரப்பு.
மாணவர்களுக்கு: பள்ளிகள் முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கலாம்.

பூட்டிய கதவு கற்றுத் தரும் பாடம்

இந்தப் பூங்காவின் மேல் ஒரு நியாயமான புகாரும் உண்டு. திறந்துவைக்கப்பட்ட பிறகும் நெடுங்காலம் பொதுமக்கள் நினைத்தபோது உள்ளே போக முடியவில்லை. பள்ளிக் குழுக்கள் வந்தன. குறிப்பிட்ட நாளில் முன்பதிவு செய்தவர்கள் வந்தார்கள். பக்கத்துக் குடிசைப் பகுதியில் குடியிருக்கும் குழந்தைக்கு அது மதிலுக்கு அப்பால் தெரியும் பச்சையாக மட்டும் இருந்தது. 2025-ல் புதுப்பித்து மீண்டும் திறந்தபோதுதான் சாதாரணச் சனங்கள் உள்ளே போவது எளிதானது.

கூட்டம் வந்தால் பறவை போய்விடும், பிளாஸ்டிக் வரும், காதல் ஜோடிகள் வருவார்கள் என்றெல்லாம் பூட்டுக்குக் காரணம் சொல்லப்படும். கூட்டத்தைப் பற்றிய கவலையில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து நல்ல வழிகாட்டி, ஒழுங்கான பாதை, ஒரு நேரத்தில் இத்தனை பேர் என்ற கட்டுப்பாடு. பூட்டு மருந்தாகாது. மக்கள் பணத்தில் உருவான இயற்கைப் பூங்கா மக்கள் காலடி படாமல் இருந்தால், அதற்கு ஆபத்து வரும் நாளில் அதற்காகத் தெருவில் இறங்கி நிற்கவும் ஆள் இருக்காது. சாத்தூரில் ஒன்று அமையுமானால் முதல் நாளிலிருந்தே இது நினைவில் இருக்க வேண்டும்.

திருச்சி வேறு மாதிரி. ஸ்ரீரங்கத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மேலணைக் காப்புக்காட்டில் வனத்துறை அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-லிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அங்கே பிள்ளைகள் கற்றுக்கொள்கிற முதல் விஷயம், வண்ணத்துப்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது என்பது. புழுவுக்குத் தீனி வேண்டும். ஒவ்வொரு வகைப் புழுவும் தனக்கென்று சில செடிகளையே தின்னும். கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளை ஒரு கூட்டம் தின்கிறது என்றால், ஆரஞ்சு நிற வெந்தய வரியனின் புழு எருக்கிலையைத் தின்னும். எருக்கம்பாலின் நஞ்சு அந்தப் புழுவின் உடம்பில் தங்கி, வண்ணத்துப்பூச்சியாக மாறிய பின்னும் கூடவே இருக்கும். ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை மறுதடவை அந்த நிறத்தின் பக்கமே போகாது.

எருக்கு! சாத்தூர் ரயில் தண்டவாள ஓரமெல்லாம் அதுதானே நிற்கிறது? பல லட்சம் செலவழித்து வெளியூரிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. எருக்குக்கும் ஆவாரைக்கும் அரை ஏக்கர் இடம் விட்டு, ஒரு பலகை வைத்து, சொல்லித் தர ஒருவர் நின்றால் அதுவே வண்ணத்துப்பூச்சித் தோட்டம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போதாதா?

பக்கத்தில்தானே மேற்குத் தொடர்ச்சி மலை என்று கேட்கலாம். சாத்தூரிலிருந்து சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக உயர்ந்தது: தமிழ்நாட்டில் ஐந்தாவது, இந்தியாவில் 51-வது, பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மலையடிவாரத்தில் பளியர்கள் வாழ்கிறார்கள். தேனும் கிழங்கும் மூலிகையும் அறிந்த அவர்களைவிட அந்தக் காட்டுக்கு நல்ல ஆசிரியர்கள் கிடையாது.

அந்த அணிலை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. வீட்டு அணிலைப் போலப் பல மடங்கு பெரிது. உடம்பு நீளத்துக்கு வால். தரைக்கு வர விரும்பாத பிராணி. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடும் இடமாகப் பார்த்து இலைகளால் கூடு கட்டும்; எதிரி வந்தால் எந்தப் பக்கமும் தாவ வழி வேண்டுமே! நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதற்குப் பாதை அறுந்துபோகும். அடிவாரத்துத் தனியார் மாந்தோப்புகளுக்கும் புளியந்தோப்புகளுக்கும் அது வந்துபோவதால், அணிலைக் காப்பாற்றும் பொறுப்பு தோப்புக்காரர்களுக்கும் இருக்கிறது.

ஆனால் புலிகள் காப்பகம் பூங்கா ஆகாது. அங்கே மனிதன் விருந்தாளி. அனுமதி, நேரம், கட்டுப்பாடு எல்லாம் இருந்தே தீர வேண்டும். கோடையில் காட்டுத்தீ அபாயம், மழையில் ஓடை வெள்ளம் என்று வழி மூடப்படும் நாட்களும் உண்டு. சாத்தூர் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளி நாற்பது பிள்ளைகளை அழைத்துப்போக வண்டிச் செலவு, சாப்பாடு, பெற்றோர் கையெழுத்து என்று தலைமை ஆசிரியர் எத்தனை பேரிடம் நிற்க வேண்டும்? வருடத்துக்கு ஒரு தடவை நடந்தால் பெரிய விஷயம். அதைவிட முக்கியமாக, மலையைக் காட்டி மட்டும் வளர்க்கிற பிள்ளை, இயற்கை என்றால் எங்கோ மேற்கே நீலமாகத் தெரிகிற ஒன்று என்றுதான் எண்ணிக்கொள்ளும். தான் நிற்கிற கரிசல் அதன் கணக்கில் வெறும் பொட்டலாகிவிடும்.

பொட்டல் காடா இது?

கரிசலைப் பொட்டல் என்பவர்கள் அதைக் கோடையில் காரிலிருந்து பார்த்தவர்கள். பங்குனி, சித்திரையில் இந்த மண் வாய் பிளந்து கிடக்கும். வெடிப்புக்குள் கையை முழங்கை வரை விடலாம். மேல்மண் அந்த வெடிப்புகளில் உதிர்ந்து உள்ளே போகும். மழை பெய்ததும் மண் ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். இப்படி வருடா வருடம் மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. கரிசல் தன்னைத் தானே உழுதுகொள்ளும் என்று மண்ணியல் படித்தவர்களும் சொல்கிறார்கள், சம்சாரிகளும் சொல்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையை வைத்துக்கொண்டு பருத்தியும் கம்பும் உளுந்தும் மல்லியும் வத்தலும் விளைவித்த மண். ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டி, படி வைத்து, பக்கவாட்டில் அந்த அடுக்குகளைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி விட்டால், அதுவே பாதையின் முதல் பாடம்.

அப்புறம் உடைமரம். விரித்த குடை மாதிரித் தட்டையான தலையோடு விருதுநகர், தூத்துக்குடி, நெல்லைச் சீமையில் நிற்பது. குடைவேல் என்றும் பெயர். முள்ளை வேலிக்கும், காயை ஆட்டுக்கும், கட்டையை அடுப்புக்கும் கொடுத்து வறட்சியில் குடும்பங்களைக் காப்பாற்றிய மரம். அதோடு வெள்வேல், வன்னி, உசிலை, விளா, இலந்தை. அடியில் கௌதாரி, வெட்டவெளியில் ஆள்காட்டி, மின்கம்பியில் பனங்காடை, வலசைக் காலத்தில் தரையை ஒட்டித் தாழப் பறந்து இரை தேடும் பூனைப்பருந்து. சாத்தூர்ப் பிள்ளைகள் இவற்றில் பாதியையாவது ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.

ஊரை ஒட்டி வைப்பாறு. மேற்கு மலையில் பிறந்து, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடி மன்னார் வளைகுடாவில் சேர்கிற ஆறு. அதன் கரையில்தான் வெம்பக்கோட்டை. 2022-ல் அங்கே தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியதிலிருந்து சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், நுண்கற்கருவிகள் என்று ஆயிரக்கணக்கில் பொருட்கள் வெளிவந்திருக்கின்றன. கடல் இல்லாத ஊரில் சங்கு வளையல் எப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆற்றின் போக்கைக் காட்டினாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். ஆறும் வரலாறும் ஒரே நடையில் அடங்குகிற வாய்ப்பு சென்னைப் பூங்காவுக்குக்கூட இல்லை.

சீமைக்கருவேலத்தை என்ன செய்வது? ஆற்றுப் படுகையிலும் கண்மாயிலும் அது புகுந்து நிற்பது எல்லோருக்கும் தெரியும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. பூங்கா நிலத்தில் அதைக் களைந்துதான் ஆக வேண்டும். ஆனால் ஒரு மூலையில் நாலைந்தை நிறுத்தி, பக்கத்திலேயே உடைமரத்தையும் வைத்துக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்று அடுப்பெரித்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. எந்த மரத்தால் நிலம் கெட்டதோ அதே மரத்தால் சோறு சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்கு, முழுக்கதையையும் சொல்வதுதான் மரியாதை.

நிழலே ஆபத்தாக இருக்கும் சீமை

இந்தக் கோரிக்கை மற்ற ஊர்களைவிடச் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு ஏன் அவசரம்? இங்கே விடியும்போதே கம்பெனி வேன்கள் ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. ஏறுகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். பட்டாசு ஆலைகளில் அறைக்கு அறை இடைவெளி விட வேண்டும், ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. அந்த இடைவெளிகளில் வேம்பும் பிற மரங்களும் நிற்கும். அறையை விட்டு மரத்தடியில் மருந்தை வைத்து வேலை பார்ப்பது விதிமீறல். ஆய்வுக்குப் போகிற அதிகாரிகள் அடிக்கடி கண்டுபிடிக்கிற மீறலும் அதுதான். வேறு ஊரில் மரநிழல் என்றால் இளைப்பாறுதல். இங்கே அதே நிழலில் உயிர் போயிருக்கிறது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் இந்த மண் எத்தனையோ சாவுகளைப் பார்த்துவிட்டது. பூங்கா வந்தால் விபத்து நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது; அதற்குக் கண்டிப்பான ஆய்வும் நியாயமான கூலியும் வேண்டும், அது தனிப் போராட்டம். ஆனால் ஆறு நாள் வேதிப்பொருள் நெடியில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிற ஒரு தாய், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு காசில்லாமல் நடந்துவர ஒரு நல்ல இடத்தைக் கேட்பது ஆடம்பரம் ஆகாது.

இன்னொரு தலைமுறைக் கணக்கும் இருக்கிறது. இன்றைய பெற்றோரில் பலருடைய அண்ணன், அக்கா தலைமுறை, தீப்பெட்டிக் கட்டை அடுக்கியும் திரி சுற்றியும் பிள்ளைப் பருவத்தைக் கழித்தது. பள்ளிக்குப் போகாத தலைமுறை அது. இன்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். இந்த மாற்றம் தானாக வரவில்லை.

பெட்டிச் செய்தி: ஒரே வழக்கறிஞர், இரண்டு தீர்ப்புகள்

1991 நவம்பர் 22: எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வழிசெய்யும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. திரையரங்குகளிலும் வானொலி, தொலைக்காட்சியிலும் சுற்றுச்சூழல் செய்திகள் இடம்பெற வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

1996 டிசம்பர் 10: அதே மேத்தா, சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் தீர்ப்பு. ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் மறுவாழ்வு நிதிக்குக் கட்ட வேண்டும். குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும்.

முதல் தீர்ப்பு பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. இரண்டாவது தீர்ப்பு பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் பள்ளிக்கு வெளியே, மண்ணில் இருக்கிறது. அந்த இடத்தை இந்த வட்டாரம் இன்னும் உருவாக்கவில்லை.

யார் கேட்டால் கிடைக்கும்?

சிங்கப்பூரில் சுங்கை பூலோ என்று ஓர் இடம். பழைய இறால் குட்டைகள் நிறைந்த சதுப்பு. 1986-ல் பறவை பார்க்கப் போன மலாயா இயற்கைச் சங்கத்தினர் அங்கே வலசைப் பறவைகள் வந்து இறங்குவதைக் கண்டு, குறிப்பெடுத்து, இதைக் காப்பாற்றுங்கள் என்று அரசுக்கு எழுதினார்கள். 1989-ல் 87 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டது; 1993-ல் பூங்கா திறந்தது; 2002-ல் சட்டப் பாதுகாப்புள்ள காப்பகமானது. நிலத்துக்கு அத்தனை விலை போகிற ஊரில் அது நடந்ததற்குக் காரணம், கேட்டவர்கள் கையில் இருந்த குறிப்பேடு. எந்த மாதம், எந்தப் பறவை, எத்தனை என்று எழுதி வைத்திருந்தார்கள்.

சாத்தூரிலும் அதைத் தொடங்க ஆள் இருக்கிறது. 2001-லிருந்து பள்ளிகளில் தேசிய பசுமைப் படை இயங்குகிறது. மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதோடு நிற்காமல், வைப்பாற்றங்கரையில் ஒரு கிலோமீட்டர் நீளத்தை ஒரு பள்ளி பொறுப்பெடுத்து, மாதம் ஒரு நாள் போய்ப் பார்த்து எழுதினால், ஒரு வருடத்தில் எந்த அதிகாரியும் தள்ள முடியாத ஆவணம் கையில் இருக்கும். நிலம் வருவாய்த் துறையிடமோ நீர்வளத் துறையிடமோ இருக்கும். கன்று வனத்துறை நாற்றங்காலில் கிடைக்கும். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கும் இதற்குள் அடங்கும். பராமரிப்பு நகராட்சியோ ஊராட்சியோ பார்க்கலாம். பட்டாசு, தீப்பெட்டி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. கேட்டுப் பெறலாம், பெயர்ப்பலகையில் நன்றி போடலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது, பணம் வந்த பிறகு என்ன கட்டுவார்கள் என்பதுதான். நம் ஊர்களில் பூங்கா என்றால் கான்கிரீட் ஒட்டகச்சிவிங்கி, தண்ணீர் குடிக்கும் புல்தரை, மாலையில் கலர் விளக்கு, செல்ஃபிக்கு ஆங்கில எழுத்துப் பலகை என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. இரண்டாவது கோடையில் மோட்டார் பழுதாகும், புல் காயும், கதவு பூட்டப்படும். கரிசல் காட்டு மரத்துக்கு முதல் இரண்டு வருடம் தண்ணீர் காட்டினால் போதும். பிறகு அது தன்பாட்டைப் பார்த்துக்கொள்ளும். பாதை மண்ணாகவே இருக்கலாம். சக்கர நாற்காலி போக ஒரு பகுதி மட்டும் கெட்டிப்படுத்த வேண்டும். பெயர்ப்பலகையில் லத்தீன் பெயரைவிடப் பெரிதாக, இந்தப் பக்கத்தில் சனங்கள் வழங்குகிற பெயர் இருக்க வேண்டும். கழிப்பறையும் குடிதண்ணீரும் கட்டாயம். அவை இல்லாத இடத்துக்குப் பெண்பிள்ளைகளை எந்த ஆசிரியையும் கூட்டிவர மாட்டார்.

வழிகாட்டிகள் உள்ளூர் ஆட்களாக இருக்க வேண்டும். விலங்கியல், தாவரவியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற பிள்ளைகளோடு, கிடை ஆடு மேய்த்து ஒவ்வொரு செடியையும் அறிந்த ஒரு பெரியவருக்கும் சம்பளம் போட்டு உட்கார வைக்கலாம். எந்த இலை ஆட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று அவர் சொல்லும்போது பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள். பூங்கா நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் இந்தச் சம்பளத்தைப் பொறுத்தது. திறப்பு விழாவுக்கு ஒரே ஒரு தடவை பணம் ஒதுக்குகிறார்கள். ஆளுக்கு மாதா மாதம் ஒதுக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு ஐந்து ஏக்கர் போதும். ஐம்பது ஏக்கர் கிடைக்கும் வரை காத்திருந்தால் இன்னொரு தலைமுறை பள்ளியை முடித்துவிடும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து வாசகர்களே, அடுத்த கிராம சபைக்குத் தவறாமல் போங்கள். நகராட்சிக்குள் இருக்கிறவர்கள் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள். வைப்பாற்றங்கரையிலோ கண்மாய்க் கரையிலோ ஐந்து ஏக்கர், உள்ளூர் மரங்கள், மாதச் சம்பளத்தில் இரண்டு வழிகாட்டிகள் என்று தீர்மானம் நிறைவேற்றச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கதவு கட்டாயம் திறந்திருக்க வேண்டும், நுழைவுக் கட்டணம் கூடாது என்ற வரியையும் அதில் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.